பேஷ்வாவின் ஆசையும் கிளிக்குஞ்சும்

புனே காத்ரஜ் பூங்காவில் புலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கே விலங்கு அனாதை இல்லமும் இருப்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை.

18-ஆம் நூற்றாண்டில் சவாய் மாதவராவ் பேஷ்வா பர்வதி மலையடிவாரத்தில் மிருகங்களை வளர்த்தது ஆசைக்காக. 1953-இல் மாநகராட்சி அமைத்த பேஷ்வே பூங்கா ஊரார் வேடிக்கை பார்க்க. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1986-இல் காத்ரஜில் பாம்புப் பூங்கா, 1999-இல் உயிரியல் பூங்கா. ஆசை மெல்ல மெல்ல அக்கறையாகியிருக்கிறது.

நம் வீடுகளில்தான் இன்னும் பேஷ்வா காலம் என்று எனக்குத் தோன்றும். கீழே விழுந்த கிளிக்குஞ்சைக் கூண்டில் வைத்துச் சோறூட்டுகிறோம். அது சட்டப்படி குற்றம். மனிதக் கையில் வளர்ந்த பறவைக்கு வெளியே பிழைக்கவும் தெரியாது. இறகு முளைத்த குஞ்சு பெரும்பாலும் அனாதையல்ல. தாய் பக்கத்திலேயே இருக்கும். கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.