மதுவின் அளவும் உடல்நலமும்

மதுபானம் என்பது, சர்க்கரைச் சத்துள்ள சாறுகளிலும் தானியக் கூழ்களிலும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புகுந்து அவற்றைப் புளிக்கச் செய்வதால் உண்டாகும் எத்தில் ஆல்கஹாலைக் கொண்ட பானங்கள் அனைத்துக்கும் பொதுவான பெயராகும். பனம்பாளையிலிருந்து சொட்டும் சாறு, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீராகவும், தடவாத கலயத்தில் இறங்கினால் சில நாழிகைக்குள் கள்ளாகவும் ஆவது இந்நுண்ணுயிரின் காரியமே. இவ்வாறு புளித்த பானத்தில் ஆல்கஹாலின் பங்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறுவது அரிது. தான் ஈன்ற பொருளின் உக்கிரத்தைத் தாங்கமாட்டாமல் ஈஸ்டே அந்நிலையில் மடிந்துபோகிறது. அதற்கும் மேலான வீரியம் வேண்டுவோர் அதை வாலையிலிட்டு வடித்தெடுக்க வேண்டும். சாராயம், பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவை இம்முறையில் வடிக்கப்பட்டவை.

மதுவைக் குறித்துப் பண்டைக்காலம் தொட்டே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவி வந்திருக்கின்றன. சரக சம்ஹிதை, குடியால் விளையும் வியாதிகளுக்கென ‘மதாத்யயம்’ என்று ஒரு பகுதியையே ஒதுக்கி, அவற்றின் குணங்களையும் சிகிச்சைகளையும் விரித்துரைத்த போதிலும், முறையும் மாத்திரையும் அறிந்து பருகுவோனுக்கு மது நன்மை தருவது என்றே கொள்கிறது. திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையோ, அளவு என்னும் பேச்சுக்கே இடங்கொடாமல் விலக்கிவிடுகிறது. நவீன வைத்திய சாஸ்திரம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் சரகர் பக்கம் சாய்ந்திருந்து, அண்மையில்தான் வள்ளுவர் பக்கம் மெல்லத் திரும்பி வருகிறது. அத்திருப்பம் எவ்வாறு நேர்ந்தது என்பதே இப்பொருளில் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது.

அளவைப் பற்றிப் பேசுமுன், அளக்க வேண்டியது கிண்ணத்தின் கொள்ளளவை அன்று, அதிலுள்ள ஆல்கஹாலின் எடையை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இதற்கென ஒவ்வொரு தேசமும் ஓர் அலகை வகுத்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 14 கிராம். இந்தியாவில் விற்பனையாகும் விஸ்கி, பிராந்தி வகைகள் பெரும்பாலும் 42.8 விழுக்காடு வீரியம் உள்ளவை. ஆகவே ‘லார்ஜ்’ எனப்படும் 60 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 20 கிராமும், ‘குவாட்டர்’ எனப்படும் 180 மில்லிலிட்டர்ப் புட்டியில் ஏறத்தாழ 61 கிராமும் ஆல்கஹால் அடங்கியிருக்கின்றன. பிரிட்டிஷ் மருத்துவ அதிகாரிகள் ஒரு வாரம் முழுவதற்குமாக வகுத்துள்ள வரம்பு 14 யூனிட்; இரண்டு குவாட்டர்களிலேயே அது கடந்துவிடுகிறது. பீர் ஒரு மதுவே அன்று, வெயிலுக்கு இதமான குளிர்பானம் என்று சாதிப்போர் நம்மிடையே பலர். 5 விழுக்காடு வீரியமுள்ள 650 மில்லிலிட்டர்ப் பீர்ப் புட்டியில் ஒரு லார்ஜைக் காட்டிலும் அதிகமாக, ஏறத்தாழ 26 கிராம் ஆல்கஹால் இருப்பதை அவர்கள் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

அருந்திய மதுவில் ஒரு சிறு பகுதி இரைப்பையிலும், பெரும்பகுதி சிறுகுடலிலும் இரத்தத்தோடு கலக்கின்றன. வயிற்றில் உணவிருந்தால் அது சிறுகுடலுக்குச் செல்வது தாமதப்படுவதால் போதையும் தாமதப்படுமேயன்றி, உட்சென்ற ஆல்கஹால் எங்கும் மறைந்துபோவதில்லை. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல்லீரலே எரித்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. எஞ்சிய சொற்பமே மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. ஈரல் இவ்வேலையைத் தனக்கே உரிய நிதானத்தில், மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரை என்ற கணக்கிலேதான் செய்யும்; அதை விரைவுபடுத்த வல்ல மோரோ, காபியோ, எலுமிச்சம் பழமோ இவ்வுலகில் இல்லை. குடித்தவன் தலையில் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றுவதால் அவன் நனைவானே ஒழிய, அவனுடைய இரத்தத்தின் நிலை மாறாது. உடல் எடை ஒன்றாயினும் பெண்களின் சரீரத்தில் நீர்ப்பங்கு குறைவு. ஆதலால் ஒரே அளவு மது ஆணைவிடப் பெண்ணின் இரத்தத்தில் செறிவாக நிற்கிறது.

ஈரலில் ஆல்கஹால் முதலில் அசெட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாகவும், பின்பு தீங்கற்ற அசெட்டேட்டாகவும் மாறுகிறது. இவ்விரண்டாம் மாற்றத்தைச் செய்யும் நொதி, சீனா, ஜப்பான், கொரியா முதலிய கிழக்காசிய நாடுகளின் மக்களில் பலருக்குப் பிறவியிலேயே செயல்குன்றியிருக்கிறது. ஒரு கிண்ணம் அருந்திய மாத்திரத்தில் அவர்கள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் எடுக்கும். இப்பிறவிக்குறை பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நீடித்த குடியின் முதல் அடி ஈரலின் மேல் விழுகிறது. அதில் முதலில் கொழுப்பு ஏறுகிறது. இந்நிலையில் நோவு எதுவும் தெரியாது, குடியை நிறுத்தினால் பெரும்பாலும் ஈரல் பழைய நிலைக்கு மீளும். நிறுத்தாதவர்களில் ஒரு சாராருக்கு அழற்சியும், பல ஆண்டுகளுக்குப் பின் சிர்ரோசிஸ் என்னும் ஈரல் இறுக்கமும் தோன்றுகின்றன. இந்நோய்க்கு அப்பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு வைத்தியரான லென்னெக், ஆண்டு 1819. மஞ்சட்காமாலை, வயிற்றில் நீர் கோத்து உப்பும் மகோதரம், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புடைத்த நாளங்கள் வெடித்து இரத்தவாந்தி எடுத்தல் ஆகியவை அதன் முற்றிய அறிகுறிகள். கணைய அழற்சி, இரத்த அழுத்தம், இதயத் தசையின் தளர்ச்சி முதலியவையும் குடியால் விளைபவையே. குடிக்கு அடிமையானவன் சோற்றை மறப்பதால் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறைந்து, நடை தள்ளாடி, கண்ணசைவு குலைந்து, நினைவு தப்பிப்போகும் நிலையை வெர்னிக்கே, கோர்சகோவ் என்னும் இரு மருத்துவர்கள் 1880-களில் விவரித்தனர். கருவுற்ற தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளையையும் முகத்தோற்றத்தையும் பாதிப்பதை, பிரான்சில் லெமுவான் என்பவர் 1968-இலும், அமெரிக்காவில் ஜோன்ஸ், ஸ்மித் என்னும் இருவர் 1973-இலும் எடுத்துக்காட்டினர்.

மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தம் இவற்றைப்போல் பொதுமக்களுக்குத் தெரிந்ததன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-ஆம் ஆண்டிலேயே மதுபானங்களை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை எனச் சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமான முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய உறுப்புக்கள் இதற்கு இலக்காகின்றன. புகையிலையும் உடன் சேருமாயின் வாய், தொண்டைப் புற்றுநோய்களின் அபாயம் பன்மடங்காகிறது. புகையிலையின் தீமையை ஊரறியச் செய்த அரசுகள், மதுவின் இத்தீமையை உரத்துச் சொல்லத் தயங்கியது வியப்புக்குரியது; வருமானம் தரும் பசுவை வையாமை உலகவழக்கு என்று அமைதிகொள்ள வேண்டியதுதான்.

இனி வரம்பின் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மாநகர மருத்துவர் பிரான்சிஸ் ஆன்ஸ்டி, நாளொன்றுக்கு ஒன்றரை அவுன்ஸ் சுத்த ஆல்கஹால் வரையில் ஆரோக்கியமுள்ள மனிதனுக்குத் தீங்கில்லை எனக் கூறினார். அஃது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 34 கிராம் ஆகும். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் அதை ஒரு பிரமாணமாகவே கையாண்டன. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலிலிருந்த 1926-இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேமண்ட் பேர்ல், மிதமாகக் குடிப்போர் குடியாதாரைவிட ஆயுளில் குறைந்தவரல்லர் என்று புள்ளிவிவரங்களோடு நூல் வெளியிட்டார். 1990-களின் தொடக்கத்திலோ, கொழுப்பு மிகுந்த உணவை உண்ணும் பிரெஞ்சுக்காரர்களிடையே மாரடைப்புக் குறைந்திருப்பதற்குச் சிவப்பு ஒயின் காரணமாகலாம் என்று செர்ஜ் ரெனோ என்னும் ஆராய்ச்சியாளர் சொன்னது உலகெங்கும் பரவ, இதயநலத்துக்கு ஒரு கிண்ணம் என்பது நாகரிகர் வாயில் வைத்திய வாக்காகவே ஆயிற்று.

இவ்வெண்ணத்தில் ஒரு விரிசலை ஜெரால்டு ஷேப்பர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1988-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். குடியாதவர் என்று கணக்கில் நிறுத்தப்பட்டோரில் பலர், முன்பு குடித்து நோய்வாய்ப்பட்டு, அதன் காரணமாகவே நிறுத்தியவர்கள்; அத்தகையோரோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவன் ஆரோக்கியசாலியாகத் தோன்றாமல் வேறெவ்வாறு தோன்றுவான்? மேலும், அளவோடு நிறுத்த வல்லவர்கள் பெரும்பாலும் செல்வமும் கல்வியும் ஒழுங்கான உணவும் வாய்க்கப்பெற்றவர்கள். அவற்றின் பலன் ஒயினின் பேரில் எழுதப்பட்டுவிட்டது. இங்கேதான் முற்கூறிய பிறவிக்குறை கைகொடுத்தது. சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரும் ஆய்வொன்றில், குடியைத் தாங்கவொட்டாத மரபணு உடையோரும் அல்லாதோரும் ஒப்பிடப்பட்டபோது, பக்கவாதத்திலிருந்து மிதமான குடி காக்கிறது என்ற தோற்றம் கலைந்துபோயிற்று. 2019-இல் வெளியான அம்முடிவு, குடி ஏற ஏற இரத்த அழுத்தமும் பக்கவாதமும் உடன் ஏறுவதையே காட்டியது.

வரம்புகளும் இதற்கேற்பச் சுருங்கின. பிரிட்டனில் 1987-இல் வாரத்துக்கு ஆண்களுக்கு 21 யூனிட், பெண்களுக்கு 14 என்றிருந்தது 2016-இல் இருபாலாருக்கும் 14 ஆயிற்று. கனடாவில் 2011-இல் ஆண்களுக்கு வாரத்துக்கு 15, பெண்களுக்கு 10 என்றிருந்த கிண்ணக் கணக்கு, 2023-இல் வெளியான வழிகாட்டுதலில், இரண்டு வரையில் அபாயம் குறைவு என்னும் நிலைக்கு இறங்கிவிட்டது. அதே ஆண்டு சனவரியில் உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பான குடி அளவு எதுவும் இல்லை என்று அறிவித்தது. எதிர்க்குரல் அடியோடு ஓய்ந்துவிடவில்லை; 2024 இறுதியில் அமெரிக்கத் தேசிய அகாதமிகளின் குழு, மிதமாகக் குடிப்போரிடையே மொத்த மரண விகிதம் சற்றுக் குறைந்து காணப்படுவதாகக் கூறிற்று; ஆயினும் மார்பகப் புற்றுநோய் அவர்களிடம் கூடுதல் என்பதையும் அக்குழுவே ஒப்புக்கொண்டது. குடியாதவர் எவரும் ஆரோக்கியத்தை நாடிக் குடிக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்புள்ள மருத்துவ நிறுவனம் இன்று இல்லை.

ஈரல், இதயம் முதலியவை நெடுங்காலக் கணக்கு. ஒரே இரவில் விளையும் கேடுகள் வேறு. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வாகனம் ஓட்டுவது இந்தியாவில் குற்றம். பிரிட்டனின் பெரும்பகுதியில் அவ்வரம்பு 80, ஸ்காட்லாந்தில் 50. செறிவு 300, 400 என்று ஏறும்போது உணர்விழந்து, சுவாசமே நின்றுவிடக்கூடும். கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண்பார்வையைப் பறித்து உயிரையும் கொள்வது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அதனால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019-ஆம் ஆண்டில் மதுவால் நேர்ந்த மரணங்கள் உலகெங்கும் 26 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

‘பொறுப்புடன் அருந்துக’ என்று மது விற்போரே விளம்பரத்தில் உபதேசிக்கும் இக்காலத்தில், அப்பொறுப்பு முழுவதையும் அருந்துவோன் தலையிலேயே கட்டிவிடுவது நியாயமாகாது. ஸ்காட்லாந்து 2018-இல் ஒரு யூனிட்டுக்கு 50 பென்ஸுக்குக் குறையாமல் விற்க வேண்டும் என்று விதித்ததுபோல, விலை, கடை நேரம், விளம்பரம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருவதால், எச்சரிப்பவரும் விற்பவரும் ஒருவரேயான விசித்திரம் இங்கே நிலவுகிறது.

தனியொருவன் செய்யக்கூடியவையும் உண்டு: கிண்ணத்தை அளந்து ஊற்றுதல், வெறும் வயிற்றில் குடியாமை, வாரத்தில் பல நாட்களை மதுவற்றவையாக விடுதல், குடித்தபின் வண்டியைத் தொடாமை, தூக்கமாத்திரைகளோடு மதுவைச் சேர்க்காமை, கருவுற்றிருக்குங்கால் அறவே விலக்குதல். ஆயினும் காலையில் எழுந்ததும் கைநடுக்கம் தீரக் குடிக்க வேண்டியவனுக்கு அளவு பற்றிய இவ்வுபதேசங்கள் பயன்படா. அவனுடைய நிலை ஒழுக்கக்கேடன்று, வியாதி என்பதை தாமஸ் டிராட்டர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1804-இலேயே எழுதிவைத்தார். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமும், சென்னையில் 1980-இல் தொடங்கப்பெற்ற டி. டி. ரங்கநாதன் சிகிச்சை நிலையமும் அவனைப் போன்றோருக்கெனவே ஏற்பட்டவை. அத்தகையவனின் குடும்பத்தார் ஒன்றை அவசியம் அறிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவன் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை மதிமயக்கமும் மாயக்காட்சிகளும் தோன்றக்கூடும். சிகிச்சையின்றி விட்டால் அவை உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே திருத்தும் ஆவேசத்தில் அவனை அறையிலிட்டுப் பூட்டாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.