பாலையில் ஒரு மலைவீடு

இளங்கோவடிகளுக்குப் பாலை ஒரு தனி நிலமன்று. கோடை வெயில் நின்று காயும்போது காடும் மலையும் தம் இயல்பு திரிந்து எய்தும் நிலையையே அவர் பாலை என்கிறார். காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் சொல்லும் செய்தி இது. மணற்கடலையே பாலைவனமென்று பள்ளிப் பாடத்தில் படித்துப் பழகிய நமக்கு இந்த விளக்கம் சற்று வியப்பளிக்கும். ஆனால் விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியில் சித்திரை மாத வெயிலில் தங்கல் குன்றைப் பார்த்தவர்களுக்கு வியப்பு இராது.

இப்படிப்பட்ட நிலத்தில், இப்படிப்பட்ட ஒரு குன்றின் சரிவில், புதிதாக வீடு கட்ட வேண்டுமென்று ஒருவர் வரைபடத்துடன் வந்து நின்றால் ஊர் அவரிடம் என்ன கேட்க வேண்டும்? இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா இதுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பாரடைஸ் வேலி என்றொரு சிறுநகர் இருக்கிறது. பாலை நடுவே மலைச்சரிவுகளில் செல்வந்தர் வாழும் ஊர். சரிவில் எழும் வீடுகளை ஆராய்வதற்கென்றே அங்கு ஒரு குழு உண்டு. பாறையை எவ்வளவு வெட்டுகிறீர்கள், மழைநீர் எவ்வழி இறங்கும், சுவரின் நிறம் மலையின் நிறத்தோடு ஒட்டுமா, இரவு விளக்கு எத்திசையில் வீசும் என்றெல்லாம் கேட்ட பிறகே அனுமதி கிடைக்கும். பணக்கார ஊரின் அழகுணர்ச்சி என்று இதைத் தள்ளிவிடலாம். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். வினாக்களை மறுமுறை படித்தபோது, அவற்றிற்கு ஆயிரத்தையோ இரண்டாயிரத்தையோ நெருங்கும் விடைகள் நம் பாண்டிநாட்டுப் பாறைகளிலேயே வெட்டப்பட்டிருப்பது நினைவுக்கு வந்தது.

தங்கல் குன்றிலிருந்தே தொடங்கலாம். கோயில் என்ற சொல்லுக்குத் தலைவனின் இல்லம் என்பது பொருள். அவ்வகையில் இக்குன்றின் முதல் மலைவீடு நின்ற நாராயணனுடையது. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. எட்டாம் நூற்றாண்டளவில் பாண்டியர் காலத்தில் இங்கே பாறை குடையப்பட்டது. மண்டபங்களும் மதிலும் கோபுரமும் பிற்காலத்தில் படிப்படியாகச் சேர்ந்தவை. அதே குன்றில் கருநெல்லிநாதரும் குடியிருக்கிறார். இன்று கீழிருந்து பார்க்கும் கண்ணுக்குப் படுவது பிற்காலக் கட்டடங்களே. குடைவரை தன்னை மறைத்துக்கொள்கிறது. அது மறைந்திருப்பதுதான் நமக்கு முக்கியம்.

குடைவரையை ஒரு வீட்டின் வரைபடமாக எண்ணிப் பாருங்கள். கல் கொண்டுவர வேண்டியதில்லை; சுண்ணாம்பும் மரமும் வேண்டியதில்லை. மலையின் உச்சிக்கோடு சிறிதும் மாறவில்லை. நிறம் ஒட்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. மேலே பல அடிப் பாறை கூரையாகக் கிடப்பதால் பகல் வெப்பம் உள்ளே எட்டுவதற்குள் இரவு வந்துவிடும். தேவையில்லாததை அகற்றுவது ஒன்றே அங்கு நடந்த கட்டுமானம். இதே மாவட்டத்து மூவரைவென்றான், செவல்பட்டி குடைவரைகளுக்கும் இது பொருந்தும்.

இதற்கு முந்தைய சான்று மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில் உள்ளது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் தமிழி கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. சமணத் துறவியருக்கென இயற்கைக் குகைகளில் வெட்டப்பட்ட கற்படுக்கைகளைப் பற்றி அவை பேசுகின்றன. நெடுஞ்செழியன் பெயர் வருகிறது; கணி நந்தன் என்ற துறவியின் பெயர் வருகிறது; வெள்ளறை நிகமத்தோர் என்ற வணிகக் குழுவும் வருகிறது. யாருக்காக, யார் செய்வித்தார், யார் பொருள் தந்தார் என்பதெல்லாம் பாறையிலேயே பதிவாகியுள்ளன. இக்காலத்து அனுமதிப் பலகையை நாம் கட்டடத்தின் முன் தகரத்தில் எழுதி மாட்டுகிறோம்; வேலை முடிந்ததும் தகரம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது!

மதுரையைச் சூழ்ந்த இத்தகைய குகைகளில் கல்வெட்டையும் படுக்கையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். அண்ணாந்து பார்த்தால் குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருப்பது தெரியும். பாறை முகத்தில் வழியும் மழைநீர் உள்ளே இறங்காமல் அந்த விளிம்பில் சொட்டி வெளியே விழும். ஒரு விரற்கடை அளவே ஆழமுள்ள வெட்டு. ஈராயிரம் ஆண்டுகளாக வேலை செய்கிறது. வறண்ட நிலத்தில் மழை அரிதாகத்தான் வரும். வரும்போது ஒரே மூச்சில் கொட்டும், பாறையில் நிற்காமல் ஓடும். இதை அறிந்தவன் வெட்டிய கோடு அது.

சற்றுத் தெற்கே, கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. அதுவும் எட்டாம் நூற்றாண்டினது. மலையைச் சுற்றி அகழ்ந்து, நடுவில் விட்ட பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் தளி. விமானத்தின் மேற்பகுதி முழுமை பெற்றிருக்கிறது. கீழ்ப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. வீடு கட்டும் எவரும் அடித்தளத்தில் தொடங்குவார். இங்கே சிகரம் முதலில் வந்தது. அதன் அழகு ஒருபுறமிருக்க, அது பள்ளத்தினுள் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் கழுகுமலையின் வடிவில் ஒரு கோயில் இருப்பதே தெரியாது.

மனிதர்கள் ஏன் மலையில் வீடு கட்டவில்லை? சிற்ப நூல்கள் மனையைத் தேர்வதற்கு ஒரு சோதனை சொல்கின்றன. குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டு; மண் மிஞ்சினால் உத்தமம், சமமானால் மத்திமம், குறைந்தால் விலக்கு. இந்தச் சோதனையைப் பாறையில் செய்ய முடியாது! குடிமக்களின் வீடு மண்ணுக்குரியது, குன்று துறவிக்கும் தெய்வத்திற்கும் உரியது என்று சாத்திரம் வெளிப்படையாகச் சொல்லாமலே பிரித்துவிட்டது போலும். கிணறும் வயலும் ஆடுமாடும் கீழே இருந்ததும் காரணம்தான்.

ஆனால் மண்ணுக்கும் இங்கே ஒரு குறை உண்டு. கரிசல் ஈரத்தில் உப்பும். வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் எழுப்பிய சுவர் ஆழமான அடித்தளம் இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் கீறல் விடும். கரிசல் மண்ணில் வீடு கட்டிக் கடன்பட்டவர்களுக்குப் பாறையின் மேல் கண் போவது இயல்பே. பாறை அசையாது, கரையான் ஏறாது, காற்று வரும். நமது புதிய மலைவீட்டின் உரிமையாளரை நாம் பேராசைக்காரராகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

ஆகவே, தனிமனிதன் குடியிருக்கும் மலைவீடு எப்படி இருக்கலாம் என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டு தேவைப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து, லெ கொர்புசியேயிடம் பணிபுரிந்து, பின் கலிபோர்னியப் பாலையில் குடியேறிய ஆல்பர்ட் ஃப்ரை, 1964இல் பாம் ஸ்பிரிங்ஸ் நகரின் மலைச்சரிவில் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டார். நகரைவிட 220 அடி உயரத்தில் சுமார் 800 சதுர அடியில் அமைந்த சிறு வீடு. இடத்தைத் தேர்வதற்கே நீண்ட காலம் எடுத்துக்கொண்டார். சூரியன் பருவந்தோறும் எவ்வழி நகர்கிறது என்று அளந்த பின்பே வரைந்தார். கூரை மலையின் சாய்வோடு சாய்கிறது. மனையில் கிடந்த பெரும்பாறையை அகற்றாமல் அதைச் சுற்றிக் கண்ணாடிச் சுவரை ஒட்ட வெட்டிப் பொருத்தினார். பாறை படுக்கையறைக்கும் கூடத்திற்கும் இடையே தடுப்பாக வந்து அமர்ந்துகொண்டது. 1998இல் ஃப்ரை மறைந்த பின் வீடு அந்நகரக் கலை அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது.

பாண்டியத் தச்சன் அறையைப் பாறைக்குள் கொண்டுபோனான். ஃப்ரை பாறையை அறைக்குள் விட்டார். நமக்கு இரண்டுமே பிடித்திருக்கின்றன. எனினும் பங்குனி, சித்திரை மாதங்களில் கண்ணாடிச் சுவருக்குள் குளிர்சாதனம் இன்றி இருப்பது எளிதன்று. திருத்தங்கலுக்கு ஃப்ரையின் கண்ணாடி வேண்டாம்; அவருடைய பொறுமை போதும்.

இனி நீர். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். எஞ்சிய மாதங்களின் வறட்சியே 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், பின்னர் பட்டாசும் இப்பகுதியில் வேரூன்றத் துணைசெய்தது. தொழிலுக்கு வாய்த்த வறட்சி குடத்திற்கு வாய்க்கவில்லை. இந்நிலத்தில் மொட்டைப் பாறை என்பது ஊரின் கூரை. ஒரு எக்டேர் பாறையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் நீர். அதில் பெரும்பகுதி வழிந்து சுனைக்கும் அடிவாரத்து ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகிறது. சரிவின் குறுக்கே நீண்ட தடுப்புச் சுவர் எழுப்பினால் அந்த நீர் வேறு வழி தேடும். கழிவுநீர்க் குழி தோண்டினால், உறிஞ்ச மண் இல்லாத பாறையில் கழிவு வெடிப்பு வழியே இறங்கி அதே ஊருணியை அடையும். மலைவீட்டின் தோற்றம் பற்றிய விவாதம் நமக்கு இரண்டாம்பட்சம். முதல் கேள்வி, கீழே குடிப்பவர் யார் என்பது.

இதை யார் கேட்பது? தமிழகத்தில் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் ஏற்பட்டது. அதன் அதிகாரம் பட்டியலில் இடம்பெற்ற மலைக் கிராமங்களோடு நின்றுவிடுகிறது. சமவெளியில் ஒற்றையாய் நிற்கும் குன்றுகளை மனத்தில் வைத்து எழுந்ததன்று அது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாதென்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அறிவிக்கப்படாத குன்றுக்கு அந்த வேலியும் இல்லை. பட்டியலில் இருந்தால் மட்டும் போதுமா என்பதும் கேள்விதான். கொடைக்கானலில் இரண்டு தளங்களே அனுமதிக்கத்தக்க இடத்தில் ஒரு விடுதி ஏழு தளங்களாக எழ, 1994இல் அரசு விலக்களித்தது. வழக்காயிற்று. 2000 பிப்ரவரி 2 அன்று சிறப்பு நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்தது. அன்று நிகழ்ந்த கலவரத்தில் தருமபுரி அருகே பேருந்து எரிக்கப்பட்டு மூன்று கல்லூரி மாணவியர் மாண்டனர். 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. மலைச்சரிவில் எத்தனை தளம் என்ற கேள்வி எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தமிழகத்தில் இல்லை.

திருத்தங்கல் 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்தது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது: 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் வீடு கட்டுவோர் இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். அலுவலகப் படிகளில் செருப்புத் தேய்ந்தவர்கள் இதை வரவேற்றது நியாயமே. அதிகாரியின் ஆய்வைக் கண்டு அஞ்சுவது இவ்வூருக்குப் புதிதுமன்று. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் தங்கால் ஊர் வருவதே அப்படியொரு தவறான விசாரணையால்தான். பராசரன் என்ற அந்தணன் தந்த அணிகலன்களைத் தங்கால் சிறுவன் தக்கிணன் அணிந்து திரிய, புதையலைக் கவர்ந்த பொருளென்று அரசு ஊழியர் அவன் தந்தை வார்த்திகனைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுத்தது. பாண்டியன் தவறுணர்ந்து வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே அளித்தான். ஆய்வு கெட்டால் குடி கெடும் என்பதை அறிந்த ஊர். ஆயினும் சமவெளி மனைக்குப் பொருந்தும் எளிமையைச் சரிவு மனைக்கும் அப்படியே நீட்டுவது நமக்குச் சரியாகப் படவில்லை. சுயசான்று தருபவர் தன் மனைக்குள் நடப்பதற்குச் சான்று தரலாம். மேலிருந்து வந்து தன் மனையைக் கடந்து போகும் நீருக்கு எப்படித் தருவார்?

நம்மிடம் அந்த வரைபடம் வந்தால் தள்ளிவிட மாட்டோம். குன்றின் உச்சிக்கோட்டுக்குக் கீழே, அடிவாரம் ஒட்டி இறக்கிக்கொள்ளச் சொல்வோம். தளத்தைச் சமப்படுத்த வெடி வைக்காமல், சரிவுக்கேற்ப இரண்டு மூன்று படிகளாகத் தரையை அமைக்கலாம். மேற்குச் சுவர் கல்லாக, தடித்து, சிறு சாளரங்களோடு இருக்கட்டும். 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு விழும் மழை 74,000 லிட்டர். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம் என்றாலும், பாறை மனையில் பூமிக்குள் இறக்கும் குழி பயன்படாது, சேமிக்கும் தொட்டிதான் கட்ட வேண்டும். கழிவுநீரை மூடிய தொட்டியில் தேக்கி, கீழே மண் உள்ள இடம்வரை குழாயில் கொண்டுபோக வேண்டும்; அதற்கான செலவை வரைபடத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். வேலி போடுமுன், ஐப்பசியில் ஒருமுறை நல்ல மழை கொட்டும்போது மனைக்கு வந்து, நீர் எந்தத் தடத்தில் இறங்குகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போகட்டும். அந்தக் கோட்டை விட்டுவிட்டு மிஞ்சும் இடத்தில் வரையட்டும்.