வான்கோழி அழைப்புக் கருவியும் கடைசல் தொழிலும்

வட அமெரிக்கக் காடுகளில் வசந்த காலம் பிறந்ததும், ஆண் வான்கோழி விடியற்பொழுதில் மரக்கிளையில் அமர்ந்தபடியே உரத்த குரல் எழுப்புவதும், அக்குரல் கேட்ட பெட்டைகள் அதனை நாடிச் செல்வதும் இயற்கையில் அமைந்த முறை. வேடனோ இம்முறையைத் தலைகீழாக மாற்றி, தானே பெட்டையின் குரலை எழுப்பி, ஆண்பறவை தன்னிடம் வந்து சேருமாறு செய்ய விரும்புகிறான். பார்வையும் செவியும் ஒருங்கே கூர்மையாக உள்ள ஒரு பறவையை அதன் சுபாவத்துக்கு மாறாக நடக்கத் தூண்டுவதென்றால், சுருதியில் சிறிதும் பிசகாத ஒரு சாதனம் வேண்டும். அச்சாதனத்தின் சரித்திரத்தில் கடைசல் தொழில் இருமுறை புகுந்து இருவேறு மாறுதல்களை விளைவித்த வரலாற்றையே இங்கே ஆராயப் புகுகிறோம்.

இவ்வகைக் கருவிகளுள் பழமையானது அப்பறவையின் உடலிலிருந்தே கிடைத்தது. பெட்டை வான்கோழியின் சிறகெலும்புகளை இருமுனையும் அறுத்து, உள்ளிருக்கும் மச்சையை நீக்கித் தூய்மை செய்து, ஒன்றின் வாயில் மற்றொன்றைப் பொருத்தி அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஒரு குழலைச் செய்தார்கள். நாகஸ்வரத்தைப் போல இதனுள் காற்றை ஊதுவதில்லை. உதடுகளைக் குவித்துக் காற்றை உள்ளே உறிஞ்ச, அதனால் எழும் அதிர்ச்சியே பெட்டையின் குரலாக வெளிப்படுகிறது. தென் மாநிலங்களின் வேடர்களிடையே புகழ்பெற்ற சார்லஸ் ஜோர்டான், சிறகெலும்போடு மூங்கிலினத்து நாணல் தண்டையும் இணைத்து இக்குழலைத் திருத்தினார். 1909ஆம் ஆண்டில் அவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான பின், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை லூயிசியானாவைச் சேர்ந்த எட்வர்டு மக்கில்ஹென்னி என்பவர் முயன்று பெற்று, 1914இல் நூலாக வெளியிட்டார். ஜோர்டானின் அனுபவம் அவரோடு மறைந்துவிடாமல் நமக்குக் கிடைத்திருப்பது இந்த நன்முயற்சியால்தான்.

இதே காலத்தில் வேறொரு மார்க்கமும் தோன்றியிருந்தது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்து டார்டனெல் ஊரினரான ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்ற பெட்டிக் கருவி, சாக்குக்கட்டி தடவிய மூடியை மெல்லிய பக்கப்பலகையின் மீது உரசி ஒலி எழுப்புவது. அது ரம்பத்துக்கும் உளிக்கும் உரிய வேலையாதலின் நம் ஆராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பானது.

எலும்பின் துளை எவ்வளவு அகலமாயிருக்க வேண்டும், அதன் சுவர் எவ்வளவு தடித்திருக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது பறவையே அன்றி மனிதன் அல்லன். நல்ல நாதமுடைய குழல் ஒன்று அமைந்தால், அதைப் போன்ற மற்றொன்றைச் செய்வதற்கு உறுதி ஏதும் இல்லை. இந்தக் குறையைத் தீர்த்ததே கடைசலின் முதற் பணி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெம்பிஸ் நகரத்து டாம் டர்ப்பின் முதலியோர் மரத்தில் கடைந்தெடுத்த குழல்களைச் செய்து பரப்பினார்கள். இவ்வேலையில் முதலில் துளையிட்டுப் பின்னரே புறத்தைக் கடைவது நல்ல முறை. ஏனெனில் நீண்ட துளைக்கருவி மரத்தின் ரேகைகளுக்கு இணங்கிச் சற்றே விலகிச் செல்லக் கூடியது. புறவடிவை முன்னதாக முடித்துவிட்டால் சுவர் ஒருபுறம் மெலிந்தும் ஒருபுறம் தடித்தும் போய்விடும். துளைக்குள் ஓர் எஃகுத் தண்டைச் செலுத்தி, அதனையே அச்சாகக் கொண்டு மரத்தைச் சுழலவிட்டுக் கடைந்தால், அகமும் புறமும் ஒரே மையத்தைச் சார்ந்து நிற்கும். கருங்காலி போன்ற கனத்த மரங்களை இதற்கு விரும்பிக் கொள்வதற்குக் காரணம், அவை துளையின் உட்புறத்தை வழவழப்பாகக் காத்து, உதட்டின் ஈரத்தால் எளிதில் உப்பாமல் இருப்பதே.

ஆனால் கருவி செம்மையுற்ற காலத்திலேயே பறவை அருகிவிட்டது. காடழிப்பும் வரம்பற்ற வேட்டையும் சேர்ந்து பல மாநிலங்களில் காட்டு வான்கோழியை அடியோடு இல்லாமற் செய்தன. 1937இல் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டதும், பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுத் தோல்வி கண்ட அதிகாரிகள், 1950களில் வெடிவிசையால் வீசப்படும் வலைகளைக் கொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்து வேறிடங்களில் குடியேற்றியதும் அவற்றின் மீட்சிக்கு வழிவகுத்தன. இன்று அவற்றின் தொகை பல லட்சங்களாகப் பெருகியுள்ளது. பறவை திரும்பியதனால்தான் இத்தொழிலும் திரும்பியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடைசலின் இரண்டாம் பிரவேசம் இம்மீட்சிக் காலத்தைச் சார்ந்தது. கற்பலகைத் துண்டு ஒன்றைக் கையில் ஏந்தி, மரக்குச்சியால் அதன்மேல் உரசும் வழக்கம் முன்னரே இருந்தது. ஒலி பெருகுவதற்காக ஆமையோட்டில் அப்பலகையைப் பதித்தவர்களும் உண்டு. அந்த ஓட்டின் ஸ்தானத்தில் கடைந்த மரக்கிண்ணம் வந்து அமர்ந்ததே பெரிய மாறுதல். உள்ளங்கையளவான அக்கிண்ணத்தின் விளிம்பில் பலகை அமர ஒரு படியும், நடுவில் கண்ணாடித் தகடு ஒன்றைத் தாங்க வட்ட மேடையும் விட்டுக் கடைந்து, அடியில் துளைகள் இடுகிறார்கள். உரசுகோலின் முனை பலகையை ஒரு கணம் பற்றி, மறுகணம் நழுவி, இங்ஙனம் இடையறாது செய்வதால் எழும் அதிர்வு, கிண்ணத்தினுள் அடைபட்ட காற்றையும் அசைத்து நாதமாகிறது. விளிம்பருகே உரசினால் சுருதி உயர்வதும், மையத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தாழ்வதும் பயில்வோர் முதலில் அறியும் உண்மை. நன்கு உலராத மரத்தில் கடைந்த கிண்ணம் பின்னர் நீள்வட்டமாகச் சுருங்கி, வட்டப்பலகையை நெருக்கிக் குரலைக் கெடுத்துவிடும். ஆதலால் வால்நட், செர்ரி முதலிய மரங்களை நெடுநாள் உலர்த்தி, முதலில் பருமனாகக் கடைந்து வைத்து, மறுபடியும் கடைந்து முடிப்பவர்களின் பொறுமை வீணான பொறுமை அன்று. உரசுகோலும் கடைசல் வேலையே; அதன் மரமும் முனையின் வளைவும் மாறினால் அதே கிண்ணம் வேறு குரலில் பேசுகிறது.

1973இல் தோன்றிய தேசியக் காட்டு வான்கோழிச் சம்மேளனம் நடத்தும் போட்டிகளில் குழல்களும் கிண்ணங்களும் தனித்தனிப் பிரிவுகளாக மதிப்பிடப்படுகின்றன. அங்கே அழகுக்குப் பரிசு பெறும் கருவிகளைக் காட்டிலும் குரலுக்குப் பரிசு பெறும் கருவிகளே இத்தொழிலின் உண்மையான சாதனை என்று நான் கருதுகிறேன். இசைக்கருவிகளின் சரித்திரத்தை எழுதும் அறிஞர்கள் இவற்றை வேட்டைச் சாமான்கள் என்று ஒதுக்கிவிடாமல், துளையின் அளவும் சுவரின் கனமும் நாதத்தை நிர்ணயிக்கும் கருவிகளாகவே கொண்டு, டர்ப்பின் முதலியோரின் குழல்களை அளந்து ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும்.