ஐயோவாவில் எழுந்த பள்ளிவாசல்

அமெரிக்காவில் இஸ்லாம் என்றதும் நம்மவர் பலருக்கு மால்கம் எக்ஸும் முகம்மது அலியுமே நினைவுக்கு வருவர். அவர்தம் புகழ் பரவுவதற்குப் பல்லாண்டுகட்கு முன்னரே, சோள வயல்கள் சூழ்ந்த ஐயோவா மாநிலத்தின் செடார் ரேப்பிட்ஸ் நகரில் ஒரு சிறு ஜமாஅத் வேரூன்றியிருந்தது.

இன்றைய லெபனான், சிரியா நாடுகளின் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் அவர்கள். முதுகில் மூட்டை சுமந்து, பண்ணை பண்ணையாக நடந்து சில்லறைச் சரக்கு விற்றனர். கையில் காசு சேர்ந்ததும் மளிகைக் கடை வைத்தனர். 1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் புதியவர்களின் வரவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. இனித் தாயகத்திலிருந்து உறவினர் வருவதும் அரிது. ஆலிம் வருவதும் அரிது. இருக்கும் சில குடும்பங்களே தம் மக்களின் தீனைக் காத்தாக வேண்டும்.

அக்கால அமெரிக்கா சங்கங்களின் நாடு. தச்சனும் கடைக்காரனும் ஏதேனும் ஒரு கழகத்தில் உறுப்பினராயிருந்து சந்தா செலுத்துவர், மாதந்தோறும் கூடுவர். நம் சகோதரர்களும் அவ்வழியையே பற்றினர். கழகம் அமைத்து, வாடகை மண்டபத்தில் தொழுதனர். சொந்தக் கட்டடத்துக்குப் பணம் திரட்டும் வேளையில் 1929-இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. எனினும் 1934-இல் பள்ளிவாசல் எழுந்தது. நிதி திரட்டுவதில் பெண்கள் சங்கத்தின் உழைப்பு ஆண்களின் உழைப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. நாட்டுப்புறப் பள்ளிக்கூடம் போன்ற எளிய மரக் கட்டடம். முகப்பின்மேல் ஒரு சிறு குவிமாடம். மேலே தொழுமிடம், கீழ்த்தளத்தில் மக்கள் கூடும் கூடம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மோஸ்லம் டெம்பிள்' என்பது.

தொழ இடம் கிடைத்தது. மையவாடி கிடைக்க 1948 வரை காத்திருக்க நேர்ந்தது. சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் நிலம் அளித்த பின்னரே ஜனாஸாக்களைக் கிப்லா நோக்கித் தமக்கென உரிய மண்ணில் அடக்க இயன்றது.

இதனோடு இணைத்து எண்ணத்தக்கது அப்துல்லாஹ் இக்ராமின் செய்தி. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய இவர், இந்நகரத்துப் பிள்ளை. போர்வீரனின் கழுத்தில் தொங்கும் அடையாளத் தகட்டில் புராட்டஸ்டண்டுக்குப் 'பி', கத்தோலிக்கருக்குச் 'சி', யூதருக்கு 'எச்' என எழுத்துகள் இருந்தன. முஸ்லிமுக்கு எழுத்தே இல்லை. களத்தில் மடிந்தால் எம்முறைப்படி அடக்குவர்? போர் முடிந்து திரும்பிய இக்ராம் இக்கேள்வியை விட்டுவிடவில்லை. 1952-இல் அவர் முயற்சியால் அமெரிக்கா, கனடா முஸ்லிம்கள் ஏறத்தாழ 400 பேர் செடார் ரேப்பிட்ஸில் கூடினர். 1953-இல் அவர் ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கே கடிதம் எழுதி அவ்வெழுத்தைக் கேட்டார். அக்கூட்டத்தில் பிறந்த அமைப்பு 1954 முதல் இஸ்லாமியச் சங்கங்களின் கூட்டமைப்பாக இயங்கிற்று.

அக்கூட்டமைப்பின் மாநாடுகளில் நடன நிகழ்ச்சியும் இருந்ததுண்டு. 1965-இன் சட்டத்துக்குப் பின் வந்த புதியவர்கள் அதனைக் கண்டு முகம் சுளித்தனர். சுளித்ததில் வியப்பில்லை. ஆனால் சிதறிக் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து, தம் மார்க்கத்துக்குள்ளேயே மணம் கொள்ள வேறு வாய்ப்பு எத்துணை இருந்தது என்பதையும் எண்ணியே அவர்களை எடைபோடுதல் நேர்மை.

1957-இல் வாஷிங்டனில் முஸ்லிம் நாடுகளின் உதவியோடு இஸ்லாமிய நிலையம் திறக்கப்பட்டபோது ஐஸன்ஹோவரே வந்து உரையாற்றினார். மினாராவும் பளிங்கும் கொண்ட அந்நிலையம் உலகின் கண்ணில் பட்டது. மளிகைக் கடைக்காரர்கள் கட்டிய மரப் பள்ளியை அறிந்தவர் சிலரே.

1971-இல் செடார் ரேப்பிட்ஸில் பெரிய நிலையம் அமைந்தது. பழைய பள்ளி விற்கப்பட்டுப் பிறர் கைக்குப் போயிற்று, காலப்போக்கில் சிதைந்தது. 1990-இல் ஐயோவா முஸ்லிம்கள் அதனைத் திரும்ப விலைக்கு வாங்கிச் செப்பனிட்டனர். 1996-இல் அது அமெரிக்க அரசின் வரலாற்றிடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. அப்பதிவேட்டில் உள்ளதும் 'மோஸ்லம் டெம்பிள்' என்னும் அப்பழைய பெயரே.