ராஸ்பெரி பையின் நிறுத்தப் பொத்தான்

ராஸ்பெரி பை என்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான, ஏறத்தாழ கிரெடிட் கார்டு அளவுள்ள ஒற்றைப் பலகைக் கணினி ஆகும். 2012 பிப்ரவரி 29 அன்று அறிமுகமான இக்கணினியில், அதை நிறுத்துவதற்கென்று பொத்தான் எதுவும் இல்லை. பல ஆண்டுகள் பயனர்களே ஒரு பொத்தானை இணைத்துக்கொண்டனர். 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல்தான் பலகையிலேயே பொத்தான் இடம்பெற்றது.

பின்னணி

எபன் அப்டனும் அவருடைய குழுவினரும் மாணவர்கள் நிரலாக்கம் கற்பதற்காக இக்கணினியை வடிவமைத்தனர். 'மாடல் பி' பலகையின் விலை 35 டாலர். விலை குறைவாக இருக்க வேண்டுமானால் பாகங்களும் குறைவாக இருக்க வேண்டும். எனவே மின்கம்பியைச் செருகினால் கணினி இயங்கும். பிடுங்கினால் நின்றுவிடும் என்ற அமைப்பே இருந்தது.

'மாடல் ஏ', 'மாடல் பி' என்னும் பெயர்கள் 1981இல் வெளியான பிபிசி மைக்ரோ கணினியை நினைவுகூர்பவை. ஆனால் இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பிபிசி மைக்ரோவின் இயக்குதளமும் பேசிக் மொழியும் அழியாத ரோம் நினைவகத்தில் இருந்தன. திடீரென நிறுத்தினால் சேமிக்காத வேலை போகும். கணினிக்குக் கேடு இல்லை. ராஸ்பெரி பையிலோ லினக்சு இயக்குதளமும் பயனரின் கோப்புகளும் ஒரே எஸ்டி அட்டையில் இருந்தன.

மின்சாரத்தைத் துண்டித்தால் நேர்வது

லினக்சு, எழுத வேண்டிய தரவை உடனுக்குடன் அட்டையில் எழுதிவிடுவதில்லை. வேகத்துக்காகச் சிறிது நேரம் ரேம் நினைவகத்தில் வைத்திருந்து, பின்னர் மொத்தமாக எழுதும். இடையில் மின்சாரம் நின்றால் அந்தத் தரவு அழியும். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் கோப்பு முறைமையே பழுதாகி, கணினி மறுபடி தொடங்காமலும் போகலாம். ஒரு மாணவரின் பல வார உழைப்பு இவ்வாறு ஒரே நொடியில் வீணாக வாய்ப்புண்டு.

திரையும் விசைப்பலகையும் இருந்தால் நிறுத்தும் கட்டளையைத் தட்டச்சு செய்யலாம். அவை இல்லாமல் இயங்கும் இசைப்பெட்டி, வானிலைக் கருவி போன்றவற்றில் அது எளிதன்று. அங்கேதான் பொத்தானின் தேவை எழுந்தது.

பயனர்கள் கண்ட வழி

பலகையின் ஓரத்திலுள்ள ஜிபிஐஓ ஊசிகளில் ஒன்றுக்கும் தரை ஊசிக்கும் இடையே சிறு அழுத்துப் பொத்தான் இணைக்கப்பட்டது. பைத்தான் மொழியில் எழுதிய நிரல் அந்த ஊசியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் நிறுத்தும் கட்டளையை இயக்கும். கை தவறிப் பட்டு நின்றுவிடாமல் இருக்க, சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மட்டுமே வேலை செய்யும்படியும் சிலர் எழுதினர்.

இந்தப் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. "வேலைகளை முடித்துக்கொள்" என்று இயக்குதளத்துக்கு அறிவிக்கிறது, அவ்வளவே.

பின்னர் இவ்வசதி இயக்குதளத்திலேயே சேர்க்கப்பட்டது. அமைவுக் கோப்பில் 'ஜிபிஐஓ-ஷட்டவுன்' என்னும் ஒரு வரியைச் சேர்த்தாலே போதும்; தனி நிரல் வேண்டியதில்லை. இதற்கு 5ஆம், 6ஆம் ஊசிகள் பொருத்தமானவை. நின்றுபோன கணினியை அதே பொத்தானால் மீண்டும் தொடங்கவும் முடியும். ஆயினும் 5ஆம் ஊசி ஐ2சி இணைப்புக்கும் உரியது என்பதால், அவ்வகை உணரிகளைப் பயன்படுத்துவோர் நிறுத்துவதற்கு வேறு ஊசியைத் தேர்ந்தெடுப்பர்.

பலகையில் பொத்தான்

2020இல் விசைப்பலகை வடிவில் வந்த ராஸ்பெரி பை 400இல் நிறுத்துவதற்கான விசை இருந்தது. 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை 5இன் பலகையிலேயே பொத்தான் அமைந்தது. திரைமுகப்பு இயங்கும்போது ஒருமுறை அழுத்தினால் நிறுத்துவதற்கான பட்டியல் தோன்றும். மீண்டும் அழுத்தினால் முறைப்படி நிற்கும். நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் வலுக்கட்டாயமாக நின்றுவிடும்; கணினி உறைந்துபோனால் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

வரம்புகள்

எதிர்பாராத மின்வெட்டிலிருந்து இப்பொத்தான் காக்காது. அதற்கு மின்கலத் துணை தேவை. ராஸ்பெரி பை 5க்கு முந்தைய பலகைகளில் பொத்தானை அழுத்தியவுடன் கம்பியைப் பிடுங்குவதும் தவறு. பச்சை விளக்கின் சிமிட்டல் முழுவதும் ஓய்ந்த பிறகே மின்கம்பியைக் கழற்ற வேண்டும்.