காற்று வழி வந்த புகையிலை நோய்

காற்றும் மழையும் உழவனுக்கு உற்ற நண்பர் என்பர். அவ்விரண்டுமே ஒரு பயிருக்குப் பகையாகி, கடல் கடந்தும் நோயைச் சுமந்து சென்ற வரலாறு ஒன்று உண்டு. புகையிலையைப் பற்றும் நீலப் பூசண நோயின் வரலாறே அது. புகையிலையின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு நம் கருத்தன்று. அதனைப் பயிரிட்டுப் பிழைக்கும் எளிய குடும்பங்கள் ஒரே பருவத்தில் நிலைகுலைந்தது எங்ஙனம், அவர்கள் பின்னர்க் கண்ட காப்பு யாது என்பவற்றை நம் சங்கத்தார் அறிந்திருத்தல் நலமென்று கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

இந்நோய் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் அறியப்பட்டது. இலையின் மேற்புறத்தில் மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றும். அவற்றின் அடிப்புறத்தில் சாம்பலும் நீலமும் கலந்த மெல்லிய பூசணம் படரும். இதனைப் பூசணம் என்றே வழங்கி வந்தனராயினும், இக்கால அறிஞர் மெய்ப்பூசணத்தினின்று பிரித்து, பாசியினம் சிலவற்றுக்கு உறவான வேறோர் இனத்தில் வைப்பர். உயிருள்ள செடியிலன்றி இது வளர்வதில்லை. ஆகையால், பனிக்காலத்தில் புகையிலை மடிந்தொழியும் குளிர்நாடுகளில் பெரும்பாலும் ஆண்டுதோறும் வெப்பமான இடங்களிலிருந்தே இது புதிதாக வந்து சேரவேண்டும். வருவதற்கு வாகனமாக இருப்பது காற்று.

அது நிகழும் முறை வியப்புக்குரியது. ஈரம் மிகுந்த குளிர்ந்த இரவில், நோயுற்ற இலையின் அடியில் கண்ணுக்குப் புலனாகாத வித்துக்கள் கணக்கின்றி உண்டாகின்றன. விடிந்து வெயில் ஏற, காற்றின் ஈரம் குறைகின்றது. அப்பொழுது வித்துக்களைத் தாங்கிய நுண்ணிய காம்புகள் உலர்ந்து முறுக்கிக்கொள்ள, வித்துக்கள் உதிர்ந்து காற்றில் எழுகின்றன. வானம் தெளிந்து வெயில் கடுமையாயின், அவற்றுட் பெரும்பாலானவை சிறிது நேரத்திற்குள் மடியும். மேகம் மூடியிருப்பின், அதுவே அவற்றுக்குக் குடையாகின்றது. காற்று நெடுந்தூரம் கொண்டு செல்ல, அவை உயிரோடு இருக்கும். வழியில் மழை பெய்யின், அவற்றை வயலில் இறக்கி விடும். இலை சில நாழிகை ஈரமாக இருந்தாற் போதும். வித்து முளைத்து இலைக்குள் புகும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவ்விலையிலிருந்து மீண்டும் புதிய வித்துக்கள் கிளம்பும். எனவே உழவன் விரும்பும் மேகமும் தூறலுமே இந்நோய்க்கும் உகந்த காலமாயின.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1921-ஆம் ஆண்டு புளோரிடா, ஜார்ஜியா மாகாணங்களில் இந்நோய் காணப்பட்டது. பின்னர்ப் பத்தாண்டுகள் மறைந்திருந்து, 1931-ல் மீண்டும் தலைகாட்டியது. அதன்பின் நாற்றங்கால்களுக்குத் தீராத தொல்லையாயிற்று.

ஐரோப்பாவின் கதை இதனினும் கொடியது. அக்கண்டத்துப் புகையிலை வயல்களை 1958-க்கு முன் இந்நோய் தீண்டியதில்லை. அவ்வாண்டில் இங்கிலாந்தில், ஆராய்ச்சியின் பொருட்டுக் கொணரப்பட்ட நோய்க்கிருமி வெளிப்பட்டுச் செடிகளைப் பற்றிற்று. 1959-ல் அது நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் தோன்றியது. 1960-ல் பிரான்ஸ், இத்தாலி முதலிய நாடுகளிற் பரவியது. 1961, 1962-க்குள் வட ஆப்பிரிக்காவையும் துருக்கியையும் எட்டியது. கடலைக் கடக்க முதலில் வழிவிட்டவன் மனிதன். எஞ்சிய வேலையைக் காற்று செய்து முடித்தது. நோயுற்ற நாற்றுக்களை ஊர்விட்டு ஊர் விற்பதாலும் இப்பகை பரவுவதுண்டு. ஆதலின் காற்றை மட்டும் பழித்துப் பயனில்லை.

1979-ல் அமெரிக்கக் கண்டத்தில் பெருங்கேடு மூண்டது. தெற்கே தோன்றிய நோய் கனெக்டிகட் பள்ளத்தாக்கையும், கனடா நாட்டின் ஒன்டாரியோவையும் எட்டியது. அவ்விரு நாடுகளிலும் நேர்ந்த நஷ்டம் 20 கோடி டாலருக்கு மேற்பட்டது. கியூபாவில் 1979-80-ஆம் பருவத்துப் பயிரிற் பெரும்பகுதி பாழாயிற்று. சுருட்டுத் தொழிற்சாலைகள் மூடப்பட, பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். உழவனுடைய வயலில் விழுந்த அடி, வயலையே கண்டறியாத சுருட்டுத் தொழிலாளியின் அடுப்பையும் அணைத்தது.

இக்கேட்டுக்கு மாற்று யாது? மருந்துகள் வந்தன, அவற்றுட் சிறந்ததெனக் கருதப்பட்ட மெட்டாலாக்சிலையும் எதிர்த்து நிற்கும் கிருமிகள் சில ஆண்டுகளிலேயே தோன்றின. ஆகவே அறிஞர் வேறொரு வழியும் நாடினர். வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தில், நோய் கண்ட இடத்திலிருந்து காற்று எத்திசையிற் செல்லும், வழியில் மேகமும் மழையும் எவ்வாறிருக்கும் என்று கணித்து, எந்த மாவட்டத்துக்கு ஆபத்து என்பதை முன்கூட்டியே உழவர்க்கு அறிவித்தனர். ஐரோப்பிய நாடுகளும் எல்லை வேற்றுமையை மறந்து, நோய்ச் செய்தியை ஒன்றுக்கொன்று தெரிவிக்க ஏற்பாடு செய்துகொண்டன.

இவ்வேற்பாட்டின் உயிர்நாடி எது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். காற்றின் போக்கை எவ்வளவு திறமையாகக் கணித்தாலும், நோய் புறப்பட்ட இடம் தெரியாவிடின் அக்கணிதம் பயன்படாது. “என் வயலில் நோய் கண்டது” என்று முதலிற் சொல்லும் உழவன் ஒருவன் வேண்டும். விலை குறையுமென்றோ, பிறர் இழிவாகப் பேசுவரென்றோ அஞ்சி அவன் மறைப்பானாயின், காற்று மறைக்காது. அயலான் வயலிற் கொண்டுபோய் அதனை வெளிப்படுத்திவிடும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

நம் குடும்பங்களில் எப்பயிர் செய்வோராயினும், புதிய நோய் ஒன்று கண்டவுடன் அதனை வேளாண்மை அதிகாரிக்கும் அயலாருக்கும் அறிவித்தலைக் கடமையாகக் கொள்வாராக. அங்ஙனம் அறிவித்தவனை ஏளனம் செய்யாது, அவனுக்கு நேர்ந்த நஷ்டத்திற் கைகொடுத்தல் நம் சங்கத்தின் கடமை. காற்றைத் தடுக்க எவராலும் இயலாது. காற்றுக்கு முன்னே செய்தியை அனுப்ப நம்மால் இயலும்.