மரச்சீவலில் ஓர் அழைப்பு

என் பெண்ணுக்கு ஒன்பது வயது நிறைந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சிறு தகராறு நடந்தது.

என் தகப்பனார் இருந்தவரையில் எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். தமிழ் மாதமும் நட்சத்திரமும் பார்த்து, விடியற்காலையில் தலையில் எண்ணெய் வைத்து, கோயிலில் பெயர் சொல்லி ஓர் அர்ச்சனை செய்து, மத்தியானம் இலையில் பாயசம் விழுந்தால் பிறந்தநாள் முடிந்துவிட்டது. அதற்கு யாரையும் அழைப்பது கிடையாது. என் பெண் காலத்தில் நட்சத்திரம் போய்த் தேதி வந்துவிட்டது. தேதி வந்தால் கேக் வருகிறது. கேக் வந்தால் விருந்தாளிகள் வேண்டும். விருந்தாளிகளுக்குப் பத்திரிகை வேண்டும். அவளுடன் படிக்கும் குழந்தைகள் கொடுத்த பத்திரிகைகளை அவள் கொண்டுவந்து காட்டினாள். வழவழவென்று, பொம்மையும் பூவுமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தன. அதே மாதிரி பன்னிரண்டு வேண்டும் என்றாள்.

அச்சுக்கூடத்தில் விசாரித்தேன். பன்னிரண்டு அச்சடித்தாலும் நூறு அச்சடித்தாலும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்கள். மாதக் கடைசி வேறு. கதை எழுதுகிறவனுக்கு மாதக் கடைசி என்பது முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆகையால், “நாமே வீட்டில் செய்துவிடலாம்” என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

சரித்திரக் கதை எழுதுகிறவன் என்ற முறையில் அவளைச் சரித்திரத்தைக் கொண்டே சமாதானம் செய்யப் பார்த்தேன். பழங்காலப் பாரசீகர்கள் மற்ற எல்லா நாட்களையும்விடப் பிறந்தநாளைத்தான் பெரிதாகக் கொண்டாடினார்கள் என்று கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். பணக்காரர்கள் முழு மாட்டையும் குதிரையையும் ஒட்டகத்தையும் அடுப்பில் வாட்டிப் பரிமாறுவார்களாம். ஏழைகள் சிறிய ஆடுகளோடு நிறுத்திக்கொள்வார்களாம். அவரவர் சக்திக்கு ஏற்றபடி செய்துகொள்ளும் வழக்கம் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பழக்கம் என்று சொன்னேன். “ஒட்டகத்தையா சாப்பிட்டார்கள்?” என்று கேட்டாளே தவிர, சமாதானம் ஆகவில்லை.

கடைசியில் ரயில்தான் வழி காட்டியது. அவளுக்கு ரயில் என்றால் உயிர். என்னிடம் பழைய அட்டை டிக்கெட் ஒன்று இருந்தது. நம் நாட்டு ரயில் நிலையங்களில் நெடுங்காலம் விற்ற அந்தச் சின்னஞ்சிறு கெட்டி அட்டை வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும்; இரண்டேகால் அங்குல நீளம் இருக்கும். அந்த மாதிரியே, ஆனால் உள்ளங்கை அளவு பெரிதாக, டிக்கெட் செய்வதென்று தீர்மானித்தோம். ‘உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீடு வரை’ என்று போட்டு, தேதியும் மணியும் எழுதிவிட்டால் அதுவே பத்திரிகை. வருகிற குழந்தைகள் வாசலில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும்; இவள் நின்று துளை போட்டு உள்ளே விடுவாள். இதைக் கேட்டதும் அவளுக்குக் களை வந்துவிட்டது.

அட்டைக்குச் செலவில்லை. பரண்மேல் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை இருந்தது. தமிழர் வீட்டில் கல்யாணப் பத்திரிகையை எளிதில் எறிய மாட்டார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும்; தலைப்பில் பிள்ளையாரோ பெருமாளோ இருப்பார். அவற்றின் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. “சாமி படத்தில் கத்தரிக்கோல் படக் கூடாது” என்றாள் என் மனைவி. சுவாமி படங்கள் உள்ள பக்கத்தை அப்படியே பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, மற்றப் பக்கங்களை வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து, மைதாவைக் காய்ச்சிய பசையால் ஒட்டி, அம்மிக் கல்லை மேலே ஏற்றி வைத்தோம். காலையில் நல்ல கெட்டி அட்டையாகிவிட்டது.

வர்ணத்துக்குச் சமையலறை போதும். மஞ்சள் பொடியைக் குழைத்தால் மஞ்சள். அதிலே துளிச் சுண்ணாம்பு சேர்த்தால், ஆரத்தி கரைக்கும்போது ஆகிறதே, அந்தச் சிவப்பு. துணிக்குப் போடும் சொட்டு நீலம் நீலம். பீட்ரூட்டை மாத்திரம் நம்ப வேண்டாம். ஈரத்தில் ஜொலிக்கும், காய்ந்தால் பழுப்பாகிவிடும். மஞ்சளும் வெயிலில் வெளுக்கும். ஆனால் பிறந்தநாள் வரையில் தாங்கும். அதற்கு மேல் அது தாங்கி என்ன ஆகவேண்டும்?

குழந்தை ஓர் எஞ்சின் வரைந்தாள். சக்கரம் நீள்வட்டமாக இருந்தது, புகைபோக்கி சாய்ந்திருந்தது. நான் அதைத் ‘திருத்தி’க் கொடுத்தேன். எழுத்து வேலை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பத்திரிகை ஆசிரியர்களே சொன்னதுண்டு. கதையைப் பற்றி அவ்வளவு சொன்னதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு டிக்கெட்டும் வரிசையாகக் கூடத்தில் காய்ந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“நன்னா இருக்குப்பா. ஆனா உன்னோட பிறந்தநாள் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ரோமாபுரிச் சாம்ராஜ்யத்தைப் பற்றிய புத்தகம் ஒன்று கைவசம் இருந்தது. அதில் எங்கோ ஒரு பிறந்தநாள் அழைப்பைப் பற்றிப் படித்த ஞாபகம். விளக்கைப் போட்டுத் தேடி எடுத்தேன்.

இங்கிலாந்தின் வடகோடியில் விண்டோலாண்டா என்று ஓர் இடம். ஹேட்ரியன் சக்கரவர்த்தி 122ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கிய பெருமதிலுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. மதிலுக்கு முன்னாலேயே அங்கே ரோமானியப் படை முகாம் இருந்தது. 1973ஆம் ஆண்டு ராபின் பிர்லி என்ற ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டிக்கொண்டிருந்தபோது, ஈர மண்ணில் மரச்சீவல் போன்ற மெல்லிய துண்டுகள் கிடைத்தன. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சீவல்களைப் பிரித்தால் உள்ளே மசியால் எழுதிய எழுத்து! காற்றுப் பட்டதும் அது மங்கத் தொடங்கிவிட்டது. அகச்சிவப்பு ஒளியில் படம் பிடித்துத்தான் பிறகு படிக்க முடிந்தது.

ரோமானியர்கள் எழுதியது எகிப்திலிருந்து வரும் பாப்பிரஸ் தாளில் என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் குளிர்ப் பிரதேசத்து முகாமில் பாப்பிரஸுக்கு எங்கே போவது? பக்கத்தில் வளர்ந்த பூர்ச்ச மரத்தையும் ஆல்டர் மரத்தையும் மெல்லியதாகச் சீவி, தபால் கார்டு அளவுக்கு நறுக்கி, நடுவே மடித்து, அதில் எழுதினார்கள். மசி கரியும் வேலம் பிசினும் தண்ணீரும் கலந்தது. நம்மவர்கள் பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியைத் தேய்த்துத் தெளிவாக்கிய கதைதான். கைக்கு அருகில் எது மலிவோ அது கடிதமாகிறது.

1985ஆம் ஆண்டு கிடைத்த சீவல் ஒன்றுதான் நான் தேடியது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எழுதியவள் கிளாடியா செவேரா. வேறொரு முகாமின் அதிகாரியான ஈலியஸ் புரோக்கஸின் மனைவி. பெற்றவள் சுல்பிசியா லெபிடினா. விண்டோலாண்டாவில் ஒன்பதாவது பட்டேவியப் படைக்குத் தலைவனான பிளேவியஸ் செரியாலிஸின் மனைவி. காலம் கி.பி. 100 வாக்கில். செப்டம்பர் 11ஆம் தேதி தன் பிறந்தநாள், அவசியம் வரவேண்டும், நீ வந்தால் அந்த நாள் எனக்கு இன்னும் இன்பமாக இருக்கும் என்பது விஷயம். உன் கணவரை விசாரித்ததாகச் சொல். என் கணவரும் சின்னப் பையனும் உங்களை விசாரிக்கிறார்கள் என்று, நம் வீட்டுக் கடிதங்களைப் போலவே முடிகிறது.

இவ்வளவும் ஒரு தேர்ந்த எழுத்தர் எழுதியது. எழுத்து ஒழுங்காக, நளினமாக இருக்கிறது. அதன் அடியில், வலது மூலையில், வேறொரு கை. கோணல்மாணலான, பழக்கமில்லாத எழுத்து. அது செவேராவின் சொந்தக் கை. உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன், சகோதரி என்று ஆரம்பித்து, என் உயிரே என்கிற அளவுக்குப் போய் விடைபெறுகிறாள். லத்தீன் மொழியில் ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இது ஒன்று. தேதியையும் விவரத்தையும் எழுத்தரிடம் விட்டாள். கூப்பிடுவதை அவனிடம் விடவில்லை.

எழுத்தர்கள் நமக்கும் புதிதல்ல. சோழ அரசனின் ஆணையை எழுதத் ‘திருமந்திர ஓலை’ என்றே ஓர் உத்தியோகஸ்தர் இருந்ததைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். என் கதைகளில் அவரை எத்தனையோ முறை ஆசனத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அன்று இரவு என் வீட்டுக் கூடத்திலும் அவர்தான் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செரியாலிஸின் மாளிகையைத் தோண்டியபோது குழந்தைகளின் செருப்புகளும் கிடைத்தன. இன்னொரு சீவலின் பின்பக்கத்தில், வர்ஜில் இயற்றிய இனீட் காவியத்து வரி ஒன்றை யாரோ பழகியிருக்கிறார்கள். முன்பக்கம் ஏற்கெனவே ஒரு கடிதத்துக்குப் பயன்பட்ட சீவல். எங்கள் கல்யாணப் பத்திரிகையைப் போல. அது அந்த வீட்டுக் குழந்தை எழுதிப் பழகியதாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஒரு சொல்லின் முதல் சில எழுத்து. ‘அசட்டை’ என்று பொருள்படும் சொல்லாம் அது. வாத்தியாரோ தகப்பனோ, எல்லையோர முகாமில் உட்கார்ந்துகொண்டு, ஒரு குழந்தையின் எழுத்துக்குக் குற்றம் எழுதியிருக்கிறார். நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடத்தில் கிடந்த எஞ்சின்களைப் பார்த்தேன். பன்னிரண்டு புகைபோக்கியும் நேராக நின்றன.

இன்னொரு வேடிக்கை. அட்டை டிக்கெட்டைக் கண்டுபிடித்த தாமஸ் எட்மண்ட்சன், 1830களில் நியூகாசில்–கார்லைல் ரயில் பாதையில் ஒரு சிறிய நிலையத்துக்கு மாஸ்டராக இருந்தவர். ஆதியில் மரச்சாமான் செய்யும் தச்சர். அதுவரை ஒவ்வொரு பிரயாணிக்கும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சள்ளையைத் தீர்க்கத்தான் எண் போட்ட அட்டை வந்தது. விண்டோலாண்டா அந்த ரயில் பாதைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆக, கையெழுத்தை மிச்சப்படுத்திய டிக்கெட்டும், கையெழுத்தை விட்டுக்கொடுக்காத பத்திரிகையும் ஒரே சீமையைச் சேர்ந்தவை.

அதற்குப் பிறகு அச்சுதான் ஆண்டது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் வந்தது. நம் நாட்டில் 1854இல் தூரம் எதுவானாலும் அரையணா என்று ஆயிற்று. வர்ண அச்சும் சேர்ந்துகொண்டது. சிவகாசியிலிருந்து 1920களில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதற்காக ஊரில் அச்சு இயந்திரம் ஓடியது. லேபிளுக்குப் பின்னால் காலண்டரும் வாழ்த்தும் கல்யாணப் பத்திரிகையும் வந்தன. என் பெண் கொண்டுவந்து காட்டிய பொம்மைப் பத்திரிகைகள் அந்த வம்சம். அவற்றில் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையைக்கூட நம்மவர்கள் தட்டில் வெற்றிலை பாக்குடன் வைத்து, நேரில் வந்து, வாயால் சொன்னால்தான் அழைத்ததாகக் கணக்கு. தபாலில் மட்டும் வந்ததைச் சொல்லிக்காட்டாத மாமா எந்தக் குடும்பத்தில் இருக்கிறார்?

நவராத்திரியில் குழந்தைகளை அனுப்புவார்களே, அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. அக்காவின் பாவாடையை மூக்கு வரை கட்டிக்கொண்டு, கிருஷ்ணனாகவோ குறத்தியாகவோ வேஷம் போட்டு, குங்குமச் சிமிழுடன் வீடு வீடாக ஏறி, “எங்காத்துக் கொலுவுக்கு வாங்கோ, மாமி” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவிடும். பத்திரிகையே நடந்து வந்து, பேசிவிட்டுப் போகிறது!

மறுநாள் காலையில் பெண்ணை எழுப்பி, செவேராவின் கதையைச் சொன்னேன். ஒட்டகத்தைப் போல் இது சறுக்கவில்லை. “அடியில கொஞ்சம் இடம் இருக்கு. அங்கே நீ எழுது” என்றேன்.

“என்ன எழுதறது?”

“அது உனக்குத்தானே தெரியும்?”

பன்னிரண்டிலும் பன்னிரண்டு விதமாக எழுதினாள். ஒருத்திக்கு, ‘நாய்க்குட்டியையும் கூட்டிண்டு வா’. ஒருத்திக்கு, ‘உனக்கு ஜன்னல் சீட்’. ‘அவசியம்’ என்பதற்கு ‘அவசியம்ம்’ என்று ஓர் எழுத்து அதிகம் விழுந்தது. என் கை பேனாவைத் தேடிப் போயிற்று. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

கடைசி டிக்கெட்டில்தான் வெகு நேரம் செலவாயிற்று. அந்தப் பெண்ணுடன் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. காரணம் ஏதோ ஒரு பென்சில் பெட்டி. என் அழகான எழுத்தில் அவள் பெயரை முதல் நாளே எழுதியிருந்தேன். அதைப் பார்த்துக் குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், ‘நீ வரலைன்னா நான் வண்டியை விட மாட்டேன்’ என்று எழுதி, சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் பதினோரு பிரயாணிகள் வந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது பிரயாணிக்காக வண்டி அரைமணி தாமதம். என் மனைவி உள்ளேயிருந்து இரண்டு தரம் குரல் கொடுத்தாள். குழந்தை துளை போடும் கருவியைக் கையில் பிடித்தபடி வாசற்படியை விட்டு நகரவில்லை. ஆறு மணிக்கு அந்தப் பெண் தெருமுனையில் தெரிந்தாள். படியேறி, ஒன்றும் பேசாமல் டிக்கெட்டை நீட்டினாள். இவள் துளை போட்டுவிட்டு, மற்றவர்களிடம் வாங்கிக்கொண்டதுபோல் அதையும் வாங்கப் போனாள்.

“தர மாட்டேன்” என்றாள் அவள். “இது எனக்கு எழுதினது.”

இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள்.